மேலே கறி, கீழே சோறு

கண் வைத்தியர் தமது சிறிய விளக்கை அணைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். என் மனைவி இராசமலர், தாடையை அந்தக் கருவியின் விளிம்பிலிருந்து எடுக்காமலே இருந்தாள். எடுத்தால் அவர் சொல்லப்போவதைக் கேட்க வேண்டிவரும் என்று நினைத்தாள் போலும்.

"அம்மா, நிமிர்ந்து இருங்கோ," என்றார் அவர். "படலம் நல்லா முத்திட்டுது. எடுக்கத்தான் வேணும். ஆனா இரத்தத்தில இந்தச் சீனியோட நான் கத்தி வைக்க ஏலாது."

"போன முறையும் உதைத்தானே சொன்னீங்கள், டொக்டர்."

"போன முறையும் சீனி இப்பிடித்தானே அம்மா நிண்டது. புண் ஆறாது. கிருமி பிடிச்சா இருக்கிற கண்ணும் போயிடும். அதுக்காகக் கனநாள் விடவும் ஏலாது. சீனியைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ."

இருக்கிற கண் என்று அவர் சொன்னது வலக்கண்ணை. இடக்கண் இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலேயே போய்விட்டது. அதைப் பற்றி மலர் பேசுவதில்லை. நானும் இங்கே பேசப்போவதில்லை. எஞ்சிய ஒரு கண்ணில் வெண்படலம் படர்ந்து, எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று குரலைக் கொண்டே அறியும் நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

கிளிநொச்சியிலிருந்து பேருந்தில் திரும்பினோம். மாங்குளம் சந்தியில் பேருந்து துணுக்காய்ப் பாதைக்குத் திரும்பியபோது அவள் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ. அந்தச் சாப்பாட்டுப் படத்தில உள்ளபடிதானே நான் சாப்பிடுறன்?"

"ஓம்."

"பிறகேன் குறையேல்லை?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த வாரம் எழுதுவது அந்தக் கேள்வியின் பின்னால் நான் போன கதையைத்தான்.

சுவருக்கு வந்த படம்

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் பணிபுரியும் தாதி சுபாஜினி, சலரோகம் உள்ளவர்களின் வீடுகளுக்கெல்லாம் ஒரு வண்ணப்படம் கொடுத்தாள். வழவழப்பான தாள். நடுவில் பெரிய வட்டமாக ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டின் மேற்பாதி முழுவதும் கீரையும் மரக்கறியும் பழமும். கீழே வலப்புறக் காற்பங்கில் சோறு. இடப்புறக் காற்பங்கில் பருப்பு, முட்டை, ஒரு மீன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர். அடியில், உங்கள் மண்ணில் விளைவதை உண்ணுங்கள், உணவை வீணாக்காதீர்கள் என்று இரண்டு வரிகள்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அதைவிட, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பிள்ளையார் கோயிலில் பதிகம் பாடுபவன் என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். பாடி முடித்த பின் ஏதாவது சொன்னால் நாலு பேர் இருந்து கேட்பார்கள். அதனால் சுபாஜினி என்னிடம் வந்தாள்.

"ஐயா, கோயில் மண்டபத்தில வைச்சு இந்தப் படத்தை ஒருக்கா விளங்கப்படுத்திவிடுங்கோ. நான் சொன்னா மிஸ் விசர்க்கதை கதைக்கிறா எண்டுதான் சிரிப்பினம்."

விளங்கப்படுத்தினேன். இறைவன் திருமேனியைப் பாடுகிறபோது திருவடியில் தொடங்கி மேலே முடிவரைக்கும் போவது பழைய வழக்கம். அந்தப் பழக்கம் என் கண்ணில் ஊறிப்போனது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் அடியில்தான் போய் நிற்கும். ஆகவே அடியிலிருந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் சொன்னேன். மண்ணில் விளைந்ததை உண்பது மண்ணுக்குச் செய்யும் வணக்கம் என்றும், வீணாக்குவது படியளந்தவனை அவமதிப்பது என்றும் நெடுநேரம் பேசினேன். பிறகு சோறு, பருப்பு, அதன் பின் கீரை என்று மேலே ஏறினேன். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் மனநிறைவோடு வீட்டுக்கு வந்தேன்.

மீன் இருந்தபடியால் படத்தைச் சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்ட மலர் சம்மதிக்கவில்லை. குசினிக்கு வெளியே, விறாந்தைச் சுவரில் ஓர் ஆணியில் அது தொங்கியது.

"உதில ஒரு மரம் கிடக்கே, பச்சையா. தட்டுக்குள்ள ஏன் மரம் வைச்சிருக்கினம்?" என்று, அப்போது இன்னும் ஓரளவு தெரிந்த கண்ணைத் தாளோடு ஒட்டிவைத்து அன்று கேட்டாள்.

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். மரமேதான். குட்டையான தண்டும் மேலே சுருண்ட கிளைகளுமாக. அது ஒரு மரக்கறி என்றும், நுவரெலியாப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனபோது தோட்டத்தில் கண்டதாகவும் பக்கத்து வீட்டு முத்தம்மா வந்து சொன்ன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் மண்ணில் விளைவதை உண்ணச் சொன்ன படத்தில், எங்கள் மண் கண்டிராத ஒரு மரக்கறி.

பசுவும் பள்ளிக்கூடமும்

படங்கள் என்னை எப்போதும் மயக்கியிருக்கின்றன. குடாநாட்டில் நான் படித்த சைவப் பாடசாலையில், மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்று நினைவில்லை, சுகாதாரப் பாடத்துக்கென்று ஒரு படம் சுவரில் இருந்தது. ஆசிரியர் தம் கையாலேயே தீட்டியது. சத்துத் தரும் உணவுகள் என்று மேலே எழுதி, பலாப்பழம், பயறு, கீரை, அவற்றோடு ஒரு பசு.

பசு என்றால் பால் என்பது அவர் எண்ணம். பாலைத் தனியே தீட்டினால் வெள்ளைத் தாளில் தெரியாதே என்று பசுவைத் தீட்டியிருந்தார். ஆனால் எங்கள் வகுப்பில் அதனால் ஒரு கலவரமே நடந்தது. உணவு என்று எழுதிவிட்டுப் பசுவைப் போட்டால் என்ன பொருள்? ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்ல, அவளுடைய தகப்பன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வந்துவிட்டார்.

மறுநாள் பசுவின் கீழே ஒரு செம்பு தோன்றியது. அதற்கும் மறுநாள் பசுவின் மடியிலிருந்து செம்புக்குள் நீலக் கோடு ஒன்று விழுந்தது. அதன் பிறகுதான் அந்தத் தகப்பன் அமைதியானார்.

தீட்டியவருக்குப் பசு பால். பார்த்தவர்களுக்குப் பசு பசுவேதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு செம்பு தேவைப்பட்டது. அந்த நினைவு அப்போதே எனக்கு உதவியிருக்கலாம். நினைவுகள் அப்படி வேளைக்கு வருவதில்லை.

களவாய்த் தின்னும் குற்றச்சாட்டு

கண் வைத்தியரிடம் போய் வந்த அடுத்த கிழமை சுபாஜினி வீட்டுக்கே வந்தாள். விறாந்தையில் இருந்து, மலரின் விரலில் குத்தி இரத்தம் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. கோயில் சர்க்கரைப் புக்கை எவ்வளவு சாப்பிடுறனீங்கள்?"

"விரல் நுனியில தொட்டு வாயில வைக்கிறது. அது பிரசாதம், சாப்பாடில்லை."

"மோதகம்?"

"இவர் தின்னுவார். நான் தொடுறேல்லை."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

"அந்தச் சீனிப் பேணி எங்க கிடக்கெண்டே எனக்குத் தெரியாது. இவர் ஒளிச்சு வைச்சிருக்கிறார்."

"அப்ப வேற என்னவோ வயித்துக்குள்ள போகுது, அம்மா. சீனி சும்மா ஏறாது."

மலர் எழுந்துவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு குசினி வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று திரும்பினாள்.

"என்ர கண்ணுக்கு நான் வஞ்சகம் செய்வனோ, பிள்ளை? எனக்கு மிஞ்சினது இது ஒண்டு. களவாத் தின்னுறதுக்கு நான் என்ன பூனையோ?"

சுபாஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. மருந்து தவறாமல் விழுங்குகிறாள், இனிப்புத் தொடுவதில்லை, படத்தில் உள்ளபடி உண்கிறாள். எங்கோ ஒன்று பிழைத்திருக்கிறது. எங்கே?

முத்தம்மாவின் மணிக்கூடு

திறவுகோல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவளுக்கே தான் என்ன கொண்டுவந்தாள் என்று தெரியாது.

முத்தம்மாவின் குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது. அவளுக்கும் சீனி வருத்தம்; அவள் வீட்டிலும் அதே படம். அன்று காலை முசுட்டை இலை ஒரு பிடி கொண்டுவந்தவள், விறாந்தைக் கப்புத் தூணில் சாய்ந்து நின்றாள்.

"என்ன முத்தம்மா, களைச்சுப் போனாய்?"

"தலை சுத்துதுங்க ஐயா. மூணு மணி வரைக்கும் தாங்க முடியலை."

"மூண்டு மணிக்கு என்ன?"

"அப்பத்தானே சோறு?" என்று சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். "நீங்கதானே கோயில்ல சொன்னீங்க, படத்துல உள்ளபடி சாப்புடணும்னு. ஒம்பதுல இருந்து மூணு வரைக்கும் கீரை, காய். மூணுல இருந்து ஆறுக்குள்ள சோறு. ஆறுல இருந்து ஒம்பதுக்குள்ள மீனு, முட்டை. அதோட சரி, படுத்துறணும்."

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு உள்ளே சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். மறுபடியும் படத்தைப் பார்த்தேன். வட்டம். மேற்பாதி ஒன்பதிலிருந்து மூன்று. கீழ் வலப்புறம் மூன்றிலிருந்து ஆறு. கீழ் இடப்புறம் ஆறிலிருந்து ஒன்பது. ஒரு பிழையும் இல்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை மாத்திரம் என்ன செய்தாள் என்று கேட்டேன்.

"அது மருந்து முழுங்கங்க."

குசினிக்குள் இருந்து மலரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"முத்தம்மா, உள்ள வா. முதல்ல ரெண்டு இடியப்பம் சாப்பிடு. உன்ர மணிக்கூட்டை நான் நிப்பாட்டிவிடுறன்," என்றாள்.

இருவரும் சிரிக்க, எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்று மனத்தில் ஓடியது. ஒரே வட்டம். தீட்டியவருக்கு அது தட்டு, முத்தம்மாவுக்கு மணிக்கூடு. அப்படியானால் மலருக்கு அது என்ன? அந்தப் படத்தைப் பார்த்து அவள் என்ன விளங்கிக்கொண்டாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

ஓரிலை

முத்தம்மா போன பின் மலரைப் படத்தின் முன்னால் அழைத்து நிறுத்தினேன். "உனக்கு இதில என்ன தெரியுது?"

மூக்குத் தாளில் முட்டும்படி நெருங்கினாள். "மேல பச்சை. கீழ இஞ்சால வெள்ளை. அங்கால மண்ணிறம்."

"அப்ப என்ன விளங்குது?"

"என்ன விளங்குறது? மேல கறி, கீழ சோறு. நாங்கள் இலையில படைக்கிற மாதிரித்தான். படம் கீறினவர் எங்கட ஆளாத்தான் இருக்கவேணும், முறை தெரிஞ்சு கீறியிருக்கிறார்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலர் இடும் படையலைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். விரதமென்றாலும் திவசமென்றாலும் இலையின் மேல் விளிம்பில் கறிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் இடம் மாறாது. கீழே, உண்பவரை நோக்கிய பக்கம் சோற்றுக்கு. எது எங்கே என்பதைத்தான் இலை சொல்லும். எவ்வளவு என்பதை இலை சொல்வதில்லை. அது இடுகிறவரின் மனமும், போதும் என்று மறிக்கிற கையும் தீர்மானிப்பது. அளந்து இடுவது எங்கள் வீடுகளில் பெருங்குறை.

ஆகவே படத்தில் அவள் கண்டது இடத்தை, பங்கை அல்ல.

"இண்டைக்கு மத்தியானம் என்னோட இருந்து சாப்பிடு," என்றேன்.

"அதென்ன புதுப்பழக்கம்? நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்."

"இல்லை. நீ உனக்குப் போடுறமாதிரிப் போட்டுக்கொண்டு வா. நான் பாக்கவேணும்."

எனக்குப் பரிமாறிவிட்டு, குசினியில் தனியே இருந்து உண்பது அவள் வழக்கம். எத்தனையோ ஆண்டுகள் ஒரே வீட்டில் உண்டும் அவளுடைய தட்டை நான் பார்த்திருக்கவில்லை. அன்று கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

மேலே ஒரு விரற்கடைப் பொன்னாங்காணிச் சுண்டல். அதன் பக்கத்தில் பயற்றங்காய்க் கறி ஒரு கரண்டி. இடப்புறம் பருப்பு. எல்லாம் படத்தில் உள்ள இடத்திலேயே இருந்தன. கீழே வலப்புறக் காற்பங்கில், எல்லை தாண்டாமல், சோறு. முன்பு தட்டு முழுவதும் பரந்திருந்த சோறு இப்போது ஒரு மூலையில் மலைபோல எழும்பி நின்றது. அது சரிந்துவிடாமல் உள்ளங்கையால் அணைத்துக் கட்டியிருந்தாள்.

"மூலைக்குள்ள அடக்கிறது சரியான கரைச்சல்," என்றாள். "ஆனா ஒருநாளும் தாண்டவிடேல்லை."

"இரவிலை?"

"இரவிலை மிஞ்சினது. வாறவருக்கெண்டு ஒரு பிடி கூடப் போட்டுத்தானே உலை வைக்கிறனான். ஒருத்தரும் வராட்டி அதையும் நான்தான் சாப்பிடுறது. வீணாக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே அண்டைக்கு அவ்வளவு நேரம் பேசினீங்கள்?"

படத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் கீழ்ப்படிந்திருந்தாள். என் பேச்சுக்கும் கீழ்ப்படிந்திருந்தாள். சீனி ஏறியதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இடம் மாறிய சோறு

பங்கு, அளவு, காற்பங்கு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "காற்பங்குக்குள்ளதானே கிடக்கு," என்றாள். குவியலுக்கு உயரம் உண்டு, படத்துக்கு உயரம் இல்லை என்றேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு என் முகம் தெரியாது. ஆனாலும் இரக்கத்தோடு பார்த்தாள்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அவளுக்கு இடம்தான் மொழி என்றால், இடத்தையே மாற்றினால் என்ன?

வாழையிலை ஒன்றை வெட்டி வந்து விரித்தேன். "மலர், இண்டைக்கு ஒரு மாறாட்டம். சோறு இருக்கிற இடத்தில கறியைப் படை. கறி இருக்கிற இடத்தில சோத்தை வை."

"என்னது?"

"கீரைக்கும் மரக்கறிக்கும் கீழ்ப்பக்கம். சோத்துக்கு மேல் விளிம்பு, கறிக்கு வைக்கிற மாதிரி."

அவள் கையில் கரண்டியோடு குலுங்கிச் சிரித்தாள்.

"அப்ப சோத்தைத் தொட்டுக்கொண்டு கறியைச் சாப்பிடுறதோ?"

"ஓம்."

"சோறு கறியாப் போச்சு, கறி சோறாப் போச்சு. இதை ஆரும் கண்டாப் பைத்தியமெண்டுதான் சொல்லுவினம்."

ஆனால் கை விளங்கிக்கொண்டது. மேல் விளிம்பில் வைக்கப்போனபோது அவள் விரல்கள் தாமாகவே சுருங்கின. அந்த இடத்தில் ஒரு பிடிக்கு மேல் வைத்து அவற்றுக்குப் பழக்கமில்லை. கீழே பொன்னாங்காணியும் பயற்றங்காயும் தாராளமாய் விழுந்தன. அங்கே குறைத்து வைக்க அந்தக் கை அறியாது. சட்டியில் கறி முடிந்துவிட்டது. கறிச்சட்டி சிறிது, சோற்றுப்பானை பெரிது என்பதை அன்றுதான் இருவரும் கவனித்தோம்.

அடுத்த நாளிலிருந்து பானைகளும் இடம் மாறின. வருகிறவருக்கான பிடி அரிசியைப் பற்றி மாத்திரம் ஒரு சிறு வழக்கு நடந்தது.

"ஆரும் வந்தால்?"

"வறுத்த மா கிடக்குத்தானே. புட்டு அவிக்க எவ்வளவு நேரம்?"

யோசித்துப் பார்த்துச் சம்மதித்தாள். முசுட்டை, குறிஞ்சா, தவசிமுருங்கை என்று வேலியிலும் வரப்பிலும் கிடைப்பதை முத்தம்மா பறித்துத் தருவாள். இரண்டு பேரும் அதை ஆய்ந்துகொண்டே அந்த மணிக்கூட்டுக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சுபாஜினியிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ ஐயா, நான் இதை எத்தினை வீட்டில குடுத்தனான் தெரியுமோ!"

அடுத்த சிகிச்சை நாளில் அவள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. படத்தைத் தூக்கிக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டாளாம். கனபேருக்கு அது இலை. ஒருவருக்குத் தேர்ச்சில்லு. ஒரு முதியவர், இது விளம்பரம், தட்டு விற்கிறார்கள் என்று சொன்னாராம். எல்லாவற்றையும் கேட்ட பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கறியைச் சாப்பிடுங்கோ, சோத்தைத் தொட்டுக்கொள்ளுங்கோ." அன்று யாரும் அவள் பேச்சை விசர்க்கதை என்று சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் விளங்கித்தான் சிரித்தார்கள்.

மீண்டும் அந்த அறை

மாரி தொடங்கிய பின் ஒரு காலையில் மறுபடியும் கண் வைத்தியர் முன்னால் இருந்தோம். அவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"சோத்தை மேல ஏத்தினன், டொக்டர்."

அவருக்கு விளங்கவில்லை. விளக்க நாங்களும் முயலவில்லை. சத்திர சிகிச்சைக்கு நாள் தந்தார்.

கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, அவள் வீட்டுக்கு வந்தாள். விறாந்தைக் கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து, "நரைச்சுப்போனீங்கள்," என்றாள். நான் இறைவனை நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுப் பாடினால் அழுதுவிடுவேன் என்று பாடவில்லை.

ஒரு மாலை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். படத்தின் முன்னால். இம்முறை மூக்கு முட்டவில்லை. ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ."

போனேன்.

"இதை வைச்சுக்கொண்டு கோயில்ல ஊருக்கெல்லாம் படிப்பிச்சீங்கள் என்ன?"

"ஓம்."

"நாள் முழுக்க இதுக்கு முன்னாலதானே இருந்து பேப்பர் வாசிக்கிறீங்கள்?"

"ஓம். ஏன்?"

"இந்த மீனுக்குக் கண் இல்லை."

குனிந்து பார்த்தேன். செதிள் இருந்தது, வால் இருந்தது, செட்டை ஒவ்வொரு வரியாகத் தீட்டப்பட்டிருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தீட்டியவர் மறந்திருக்கிறார். அச்சிட்டவர்கள் பார்க்கவில்லை. சுபாஜினி பார்க்கவில்லை. முத்தம்மா பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் நன்றாக உள்ள நான் இத்தனை மாதமாய்ப் பார்க்கவில்லை.

"ஒரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிற மீனுக்கு ஒரு கண் போதும்," என்றாள் மலர். "அந்த ஒண்டையும் போடாமல் விட்டிட்டாங்கள்."

என் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கேட்காமலே எடுத்தாள். சுவரில் கையை ஊன்றி, ஒரு புள்ளி வைத்தாள். சரியான இடத்தில்.